எல்லாரும் பார்க்கும் புது சயின்ஸ் ஃபிக்‌ஷன் தொடர்... நாம பார்க்காம விட்டா தப்பா? ஆரணி தறி வீட்டுக் கணக்கு சொல்லும் பதில்!

"இன்னும் நீ பார்க்கலையா?"

புதுசா ஒரு வெப் தொடர் ஹிட் ஆனால் போதும், இந்தக் கேள்வி வாட்ஸ்அப் குரூப்பில் இருந்து டீக்கடை வரைக்கும் துரத்தும். அதுவும் சயின்ஸ் ஃபிக்‌ஷன் தொடர் என்றால் கேட்கவே வேண்டாம். பார்க்கவில்லை என்று சொன்னால், 'உனக்குப் புரியாது' என்று நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கமும் சேர்ந்துவிடும்.

ஆனால் ஒரு தொடரைப் பார்ப்பது போலவே, பார்க்காமல் விடுவதும் ஒரு முடிவுதான். அந்த முடிவை எப்படி எடுப்பது? பட்டு நெசவுக்குப் பேர் போன ஆரணியின் தறி வீடுகளை வைத்துப் பார்த்தால் இதற்கு ரொம்பத் தெளிவான பதில் கிடைக்கிறது. விரிவாகப் பார்க்கலாம் வாங்க.

*முதலில், எந்தத் தொடர்? ஏன் இவ்வளவு பேச்சு?*

உதாரணத்துக்கு 'ப்ளூரிபஸ்' தொடரை எடுத்துக்கொள்வோம். 2025 நவம்பர் 7ஆம் தேதி ஆப்பிள் டிவி தளத்தில் வெளியானது. முதல் நாளில் 2 எபிசோட், அதன் பிறகு வாரம் ஒன்று என மொத்தம் 9 எபிசோட். 'பிரேக்கிங் பேட்', 'பெட்டர் கால் சால்' தொடர்களைக் கொடுத்த வின்ஸ் கில்லிகன்தான் இதையும் உருவாக்கியவர். நாயகி ரியா சீஹார்ன்.

கதை இதுதான். விண்வெளியில் இருந்து ஒரு சிக்னல் வருகிறது. அதில் இருக்கும் குறியீட்டை வைத்து விஞ்ஞானிகள் ஆய்வகத்தில் ஒன்றை உருவாக்க, அது வைரஸாகப் பரவி உலக மக்கள் எல்லாரையும் ஒரே மனமாக இணைத்துவிடுகிறது. சண்டை இல்லை, பொய் இல்லை, எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் உலகம் முழுக்க 13 பேர் மட்டும் அதில் சிக்கவில்லை. அதில் ஒருத்தர்தான் நாயகி கேரல். எல்லாரும் சிரித்த முகத்தோடு 'நீயும் வா' என்று கூப்பிட, 'நான் வரமாட்டேன்' என்று நிற்கிறார்.

தங்கள் தளத்திலேயே அதிகம் பேர் பார்த்த தொடர் இதுதான் என்று ஆப்பிள் நிறுவனம் அறிவித்தது. விமர்சகர்களும் கொண்டாடினார்கள். அதனால், இது மோசமான தொடர் என்று சொல்லி ஒதுக்க வழியே இல்லை. நல்ல தொடர்தான். அப்படி இருந்தும் ஒருத்தர் இதைத் தவிர்க்கலாமா என்பதுதான் கேள்வி.

*ஆரணிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?*

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிற ஊர் ஆரணி. ஒரு பக்கம் அரிசி ஆலைகள், இன்னொரு பக்கம் பட்டுத் தறிகள். ஆரணிப் பட்டுக்கு புவிசார் குறியீடு உண்டு. டவுனோடு நிற்காமல் தேவிகாபுரம், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு, சேவூர் என்று சுற்றுவட்டார ஊர்களிலும் தறிச் சத்தம் கேட்கும்.

இங்கே வேலை செய்யும் இடமும் வீடும் ஒன்றுதான். முன் அறையில் குழித்தறி, பக்கத்தில் அடுப்படி, சுவரில் டிவி. நெசவாளர் குழிக்குள் கால் வைத்து மிதிக்கிறார், கை நாடாவைத் தள்ளுகிறது, பலகை அடிக்கிறது. வீட்டுப் பெரியவரோ பிள்ளைகளோ தார் சுற்றிக் கொடுப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. சேலைக்கு இவ்வளவு என்று கூலி. தறி ஓடினால்தான் காசு.

ஆபீஸில் வேலை பார்ப்பவருக்கு வேலை நேரம் முடிந்தால் ஓய்வு நேரம் தனி. தறி வீட்டில் அந்தக் கோடு கிடையாது. பார்க்கிற ஒவ்வொரு மணி நேரமும் தறியில் இருந்து வந்ததா, தூக்கத்தில் இருந்து வந்ததா, நிஜமான ஓய்வில் இருந்து வந்ததா என்று யோசித்தே ஆக வேண்டும். அதனால்தான் 'பார்ப்பதா, விடுவதா' என்ற கேள்விக்கு இந்த ஊர் நல்ல உதாரணம்.

*காதால் பார்க்கும் தொடர், கண்ணால் பார்க்கும் தொடர்*

தறி வீட்டில் பொழுதுபோக்கு என்பது முதலில் காதுக்குத்தான். ரேடியோ காலத்தில் பாட்டு ஓடும், தறியும் ஓடும். 1993 ஏப்ரல் 14ஆம் தேதி சன் டிவி வந்தது. 2006இல் தமிழ்நாடு அரசு இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தது. டிவி இல்லாத வீடுகளுக்கும் டிவி வந்து சேர்ந்தது.

ஆனால் தறியில் உட்கார்ந்தவர் டிவியைப் 'பார்ப்பது' குறைவு. கேட்பார். நம்ம ஊர் மெகா சீரியலைக் கவனித்திருக்கிறீர்களா? மாமியார் மனதில் என்ன இருக்கிறது என்பதைக்கூட வாய்விட்டுச் சொல்லிவிடுவார். அதிர்ச்சியான இடத்தில் இசை மூன்று முறை அடிக்கும். நேற்று நடந்தது இன்றைக்கு ஒரு முறை திரும்ப வரும். கிண்டல் பண்ணலாம்தான். ஆனால் கண்ணை வேலையில் வைத்துக்கொண்டு காதை மட்டும் கொடுக்கிறவருக்கு அந்தக் கட்டமைப்பு ரொம்பவே உதவுகிறது. சமைப்பவர், தைப்பவர், நெய்பவர் எல்லாரும் கதையை விடாமல் பிடித்துக்கொள்ள முடிகிறது.

சயின்ஸ் ஃபிக்‌ஷன் தொடர் இதற்கு நேர் எதிர். அது காட்டித்தான் சொல்லும். கட்டடம், கருவி, வானம், திரையில் ஓரமாகத் தெரியும் ஒரு எண் என்று எல்லாமே கதை. 'ப்ளூரிபஸ்' இதில் இன்னும் ஒரு படி மேல். நாயகி தனியாக நடப்பது, தோண்டுவது, காரில் போவது என்று வசனமே இல்லாமல் நீளும் காட்சிகள் நிறைய. ரசித்துப் பார்த்தால் அதுதான் தொடரின் பலம். தறியில் இருந்து காதால் கேட்டால்? பத்து நிமிஷம் செருப்புச் சத்தமும் காற்றுச் சத்தமும்தான் கேட்கும்.

கூடவே மொழி. அடிப்படையில் இது ஆங்கிலத் தொடர். சப்டைட்டிலை நம்பிப் பார்ப்பவர் கண்ணை எடுக்கவே முடியாது. ஊடை இழையில் கவனம் போனால் சேலையில் கோடு விழும். சப்டைட்டிலில் கவனம் போனால் கதை போகும். ரெண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது.

ஆக முதல் கேள்வி: *இந்தத் தொடர் என் காதைக் கேட்கிறதா, கண்ணைக் கேட்கிறதா?* கண்ணைக் கேட்கிறது என்றால், தனியாக நேரம் ஒதுக்க முடிகிறபோது மட்டும் யோசிக்கலாம்.

*99 ரூபாய்தானே! உண்மையான விலை எவ்வளவு?*

ஆப்பிள் டிவியின் மாதச் சந்தா இந்தியாவில் 99 ரூபாய். நெட்ஃப்ளிக்ஸ் 2021 டிசம்பரில் விலையைக் குறைத்தபோது மொபைல் திட்டத்தை 199இல் இருந்து 149 ரூபாய்க்குக் கொண்டு வந்தது. ஒரு சினிமா டிக்கெட்டை விடக் குறைவு என்று தோன்றும்.

ஆனால் சந்தா என்பது விலையில் ஒரு பகுதிதான். மீதியையும் கூட்டிப் பாருங்கள்.

• *நேரம்:* 'ப்ளூரிபஸ்' முதல் சீசனின் 9 எபிசோடும் சேர்த்து சுமார் ஏழரை மணி நேரம்.

• *டேட்டா:* நெட்ஃப்ளிக்ஸ் சொல்லும் கணக்கில், நடுத்தரமான வீடியோ தரத்துக்கு மணிக்கு சுமார் 0.7 ஜிபி ஆகும். எந்தத் தளமானாலும் அந்த அளவுக்கு வைத்துப் பார்த்தால் ஏழரை மணி நேரத்துக்கு 5 ஜிபிக்கு மேல் போகும். ஹெச்டி என்றால் இன்னும் பல மடங்கு.

• *கூலி:* ஒரு சேலைக்குக் கிடைக்கும் கூலியை, அதை முடிக்க ஆகும் மொத்த மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு மணிக்கு 60 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏழரை மணி நேரம் தறியில் இருந்து போனால் 450 ரூபாய். சந்தாவோடு சேர்த்தால் 549 ரூபாய். இப்போது இது 99 ரூபாய் விஷயமா?

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லா ஓய்வையும் கூலியாக மாற்றிக் கணக்குப் பார்க்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் கோயில் திருவிழாவும் நஷ்டம், பேரப் பிள்ளையோடு விளையாடுவதும் நஷ்டம் என்று ஆகிவிடும். ராத்திரி சாப்பாடு முடிந்து எப்படியும் டிவி முன்னால் உட்காரும் ஒரு மணி நேரம் தறி நேரம் கிடையாது. அதில் எதை வேண்டுமானாலும் பாருங்கள், கூலிக் கணக்கில் சேராது.

பிரச்னை எங்கே வருகிறது என்றால், 'இன்னும் ஒரே ஒரு எபிசோட்' என்று போகும்போது. ஒவ்வொரு எபிசோடும் ஒரு முடிச்சோடு நிற்கும். அடுத்தது தானாக ஓட ஆரம்பிக்கும். மணி ஒன்று, ஒன்றரை ஆகிவிடும். காலையில் கண் எரிச்சலோடு ஜரிகை இழை பார்க்க வேண்டும். இழுத்துப் பிடித்து வேலை செய்தாலும் கை மெதுவாகும், தப்பு வரும்.

பல வீடுகளில் நடக்கும் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"அம்மா, 99 ரூபாதாம்மா. காலேஜ்ல எல்லாரும் பார்த்துட்டாங்க."

"99 ரூபாய நான் தர்றேன்டா. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருந்துட்டு காலையில எட்டு மணிக்கு எழுந்தா, தார் யாரு சுத்துறது? உங்க அப்பா குழிக்குள்ள சும்மாவா உட்கார்ந்திருப்பாரு?"

அம்மா சொல்வது தொடரைப் பற்றி இல்லை. நேரத்தைப் பற்றி. பையன் கேட்பதும் தொடரை மட்டும் இல்லை. மறுநாள் நண்பர்கள் பேசும்போது தானும் பேச வேண்டும் என்பதைத்தான். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அதற்கு ஒரு வழி கீழே இருக்கிறது.

*கதை முடியுமா... பாதியில் நிற்குமா?*

சயின்ஸ் ஃபிக்‌ஷன் ரசிகர்களின் பெரிய வலி இதுதான். செலவு அதிகம் பிடிக்கும் தொடர்கள் என்பதால், எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை என்றால் நிறுவனம் நிறுத்திவிடும். மர்மம் அவிழாமலே போய்விடும். சில உதாரணங்கள்:

• *ஃபயர்ஃப்ளை (2002):* 14 எபிசோட் எடுத்தார்கள். 11 ஒளிபரப்பானதும் நிறுத்தினார்கள். அதையும் வரிசை மாற்றிப் போட்டார்கள். ரசிகர்கள் விடாமல் கேட்டதால் 2005இல் ஒரு சினிமாவாகக் கதையைத் தொடர்ந்தார்கள்.

• *1899:* நெட்ஃப்ளிக்ஸில் 2022 நவம்பர் 17ஆம் தேதி வந்தது. 3 சீசன் திட்டம். 2023 ஜனவரி தொடக்கத்திலேயே ரத்து. கடைசிக் காட்சியில் திறந்த புதிர் திறந்தபடியே நிற்கிறது.

• *தி பெரிஃபெரல்:* அமேசான் ப்ரைமில் 2022 அக்டோபரில் வந்தது. அடுத்த சீசன் உண்டு என்று 2023 பிப்ரவரியில் அறிவித்தார்கள். அதே ஆகஸ்டில் இல்லை என்றார்கள்.

• *வெஸ்ட்வேர்ல்ட்:* 4 சீசன் ஓடி, 2022 நவம்பரில் ரத்து. அடுத்த மாதமே ஹெச்பிஓ மேக்ஸ் தளத்தில் இருந்தே தூக்கிவிட்டார்கள்.

ரத்து ஆகவில்லை என்றாலும் காத்திருப்பு நீளம். 'செவரன்ஸ்' முதல் சீசன் 2022 பிப்ரவரியில் வந்தது, இரண்டாவது 2025 ஜனவரியில். '3 பாடி ப்ராப்ளம்' 2024 மார்ச்சில் வந்தது. 2025 முடிந்தபோதும் இரண்டாவது சீசன் வரவில்லை. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' 2016 ஜூலையில் ஆரம்பித்து, 5 சீசன், 42 எபிசோட் முடிய ஏறக்குறைய ஒன்பதரை வருஷம் ஆனது. ஆரம்பத்தில் சின்னப் பசங்களாக வந்தவர்கள் முடியும்போது கல்யாண வயசுக்கு வந்துவிட்டார்கள்.

'ப்ளூரிபஸ்' விஷயத்தில் ரத்து பயம் குறைவு. ஆரம்பத்திலேயே 2 சீசனுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். ஆனால் முதல் சீசன் முடியும் இடத்தில் கதை முடியாது. இப்போது பார்த்தால், அடுத்தது வரும்போது பாதி மறந்திருக்கும், திரும்ப ஒரு தடவை பார்க்க வேண்டி வரலாம். அந்த ஏழரை மணி நேரம் பதினைந்து மணி நேரமாகும்.

பாவு போட்டுவிட்டு ஊடைக்கு நூல் வருமா வராதா என்று தெரியாமல் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். தொடரிலும் அதே ஜாக்கிரதை தப்பில்லை.

*அப்போ சயின்ஸ் ஃபிக்‌ஷனே நமக்கு ஒத்து வராதா?*

இல்லவே இல்லை. ஒரு தொடரைத் தவிர்ப்பதும் ஒரு வகையையே ஒதுக்குவதும் வேறு வேறு.

சொல்லப்போனால் சயின்ஸ் ஃபிக்‌ஷன் கதைகளின் நாயகனான கம்ப்யூட்டருக்கும் தறிக்கும் சொந்தம் உண்டு. முந்தியில் மயிலும் அன்னமும் வர, தறிக்கு மேலே ஜக்கார்ட் பெட்டியும் துளை போட்ட அட்டைகளும் இருக்கும் இல்லையா? பிரான்ஸில் லியோன் நகரப் பட்டு நெசவுக்காக ஜோசப் மாரி ஜக்கார்ட் 1804இல் கொண்டு வந்தது அது. துளை இருந்தால் இழை தூக்கும், இல்லை என்றால் தூக்காது. அந்த அட்டை யோசனையைத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். சுமார் 24,000 அட்டைகளை வைத்துப் பட்டில் நெய்த ஜக்கார்டின் உருவப்படம் ஒன்றை அவர் பெருமையாக வைத்திருந்தார். 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எண்ணியதும் ஹாலரித்தின் துளை அட்டைகள்தான்.

தமிழுக்கும் இந்த வகை புதுசு இல்லை. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 2021ஆம் ஆண்டில் நடக்கும் கதையாக எழுதப்பட்டது. அதில் வரும் இயந்திர நாய் ஜீனோவை இன்றைக்கும் மறக்காதவர்கள் உண்டு. தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. 1998இல் இந்தியில் 'கேப்டன் வியோம்' தூர்தர்ஷனில் ஓடியது. 2020இல் அமேசான் ப்ரைமில் 'டைம் என்ன பாஸ்' காமெடித் தொடர் வந்தது. வெவ்வேறு காலத்தில் இருந்து வந்தவர்கள் ஒரே வீட்டில் மாட்டிக்கொள்ளும் கதை.

சினிமாவில் கேட்கவே வேண்டாம். 'எந்திரன்' (2010), 'இன்று நேற்று நாளை' (2015), '24' (2016), 'மாநாடு' (2021), 'அயலான்' (2024). டைம் மெஷினையும் வேற்றுக்கிரகவாசியையும் தமிழ் ரசிகர்கள் குடும்பத்தோடு போய்ப் பார்த்திருக்கிறார்கள். அங்கே ரெண்டரை, மூணு மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். தமிழில் இருக்கும். ஒரே டிக்கெட். அதனால் 'எனக்கு சயின்ஸ் ஃபிக்‌ஷன் வராது' என்று யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. வராதது நேரம்தான்.

*5 கேள்வி... 5 நிமிஷத்தில் முடிவு!*

புதுத் தொடர் வந்ததும் சந்தா கட்டுவதற்கு முன்னால் இதைக் கேட்டுப் பாருங்கள்.

*1. யாருக்காகப் பார்க்கிறேன்?* கதையைக் கேட்டதும் ஆசை வந்ததா, இல்லை எல்லாரும் பேசுகிறார்கள் என்பதாலா? ரெண்டாவது என்றால், ட்ரெய்லரும் ஒரு நல்ல விமர்சனமும் போதும்.

*2. மொத்தம் எத்தனை மணி நேரம்?* எபிசோட் எண்ணிக்கையை ஒரு எபிசோடின் நீளத்தோடு பெருக்குங்கள். பழைய சீசன்கள் இருந்தால் அதையும் சேருங்கள்.

*3. அந்த நேரம் எங்கிருந்து வரும்?* தறியா, தூக்கமா, படிப்பா, நிஜ ஓய்வா? முதல் மூன்றில் இருந்து என்றால் இப்போதைக்கு விடலாம்.

*4. கதை முடிந்துவிட்டதா?* முடிந்த தொடர் எங்கேயும் ஓடாது. ஜெர்மன் தொடரான 'டார்க்' 2017இல் இருந்து 2020 வரை 3 சீசன், 26 எபிசோடில் கதையை ஒழுங்காக முடித்தது. காத்திருப்பு இல்லை.

*5. என் மொழியில் இருக்கிறதா?* ஆப்பில் தொடரின் பக்கத்தில் ஆடியோ மொழிகள் பட்டியல் இருக்கும். தமிழ் இருந்தால் வீட்டில் இருக்கும் பெரியவர்களும் சேர்ந்து பார்க்கலாம். இல்லை என்றால் ஒருத்தர் மட்டும் இயர்போனோடு ஒதுங்க வேண்டி வரும்.

ஐந்தில் மூன்றுக்குச் சாதகமான பதில் வரவில்லையா? தைரியமாகத் தவிருங்கள்.

*எப்போ தவிர்க்கக் கூடாது?*

தவிர்ப்பது மட்டும்தான் புத்திசாலித்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். சில நேரம் பார்ப்பதுதான் சரி.

பாவு முடிந்து அடுத்த பாவு வரும்வரை தறி சும்மா நிற்கும். மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஏறும், பாவு காயாது. அந்த நாட்களில் வருமானம் இல்லை என்ற கவலை இருக்கும், கை சும்மா இருப்பதே பாரமாக இருக்கும். அப்போது ஒரு நல்ல கதை மனசுக்குத் தெம்பு. வாரத்துக்கு ஒன்று என்று ஓடிய தொடர் அதற்குள் மொத்தமாக வந்து சேர்ந்திருக்கும். ஒரே மாதச் சந்தாவில் முடித்துவிடலாம். 'இப்போ வேண்டாம்' என்று தள்ளிப் போட்டதற்குக் கிடைக்கும் லாபம் இது.

அதேபோல் காலேஜ் படிக்கும் பிள்ளைக்கு அனிமேஷன், எடிட்டிங், எழுத்து என்று ஏதாவது ஒன்றில் ஆர்வம் இருந்தால், அவனுக்கு இந்தத் தொடர் பாடம் மாதிரி. முழுசாகத் தடுப்பதை விட ஒரு ஒப்பந்தம் நல்லது. ராத்திரி ஒரு எபிசோட், அதோடு சரி. செட்டிங்ஸில் 'ஆட்டோபிளே'யை நிறுத்திவிட்டால் அடுத்தது தானாக ஓடாது. பதினோரு மணிக்குப் படுக்கை, காலையில் தார். மேலே சொன்ன அம்மாவும் ஒப்புக்கொள்வார், பையனும் ஒப்புக்கொள்வான்.

முழுத் தொடருக்கு நேரமில்லை, ஆனால் ருசி பார்க்க ஆசை என்றால் தனித்தனிக் கதையாக வரும் தொடர்களை எடுக்கலாம். 'ப்ளாக் மிரர்' தொடரில் ஒவ்வொரு எபிசோடும் தனிக் கதை. ஒன்று பார்த்துவிட்டு நிறுத்தினாலும் எதுவும் பாதியில் நிற்காது. ஆனால் அது பெரியவர்களுக்கானது, குழந்தைகளோடு வேண்டாம்.

*தவிர்த்தா என்ன இழப்போம்?*

உண்மையைச் சொன்னால், கொஞ்சம் இழப்போம். நண்பர்கள் பேசும்போது சில நாள் ஓரமாக நிற்க வேண்டி வரும். மீம் புரியாது. முடிவு தெரிந்துவிட்டால் பின்னால் பார்க்கும்போது அந்த அதிர்ச்சி இருக்காது.

ஆனால் தொடர் எங்கேயும் போய்விடுவதில்லை. பெரும்பாலும் சில வருஷமாவது அங்கேயே இருக்கும். பேச்சுதான் சீக்கிரம் அடங்கும். போன வருஷம் எல்லாரும் 'பார்த்தே ஆகணும்' என்ற தொடர்களின் பெயரை இப்போது யோசித்துப் பாருங்கள், எத்தனை ஞாபகம் வருகிறது?

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். காசு மிச்சம் என்று டெலிகிராமில் வரும் லிங்க், யாரோ அனுப்பும் ஏபிகே ஃபைல் வழியாகப் பார்க்கப் போகாதீர்கள். அது திருட்டுப் பதிப்பு என்பது ஒரு பக்கம். கூலிப் பணம் வரும் வங்கிக் கணக்கு இருக்கிற அதே போனில் தெரியாத ஆப்பை ஏற்றுவது அதைவிட ஆபத்து. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

*ஏற்கெனவே சந்தா கட்டியாச்சா? நிறுத்துவது எப்படி?*

பார்க்காமல் விட்ட தொடருக்குப் பல மாதம் காசு போய்க்கொண்டே இருப்பதுதான் பெரிய நஷ்டம். இலவச சோதனைக் காலம் என்று சேர்ந்து மறந்தவர்கள் நிறைய.

• *ஆண்ட்ராய்டு போன்:* ப்ளே ஸ்டோர் > மேலே இருக்கும் உங்கள் படம் > 'பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்க்ரிப்ஷன்ஸ்' > சந்தாவைத் தேர்வு செய்து ரத்து செய்யுங்கள்.

• *ஐபோன்:* செட்டிங்ஸ் > உங்கள் பெயர் > 'சப்ஸ்க்ரிப்ஷன்ஸ்'.

• *யூபிஐ:* நீங்கள் பயன்படுத்தும் யூபிஐ ஆப்பில் 'ஆட்டோபே' பகுதிக்குப் போனால் எந்தெந்த நிறுவனத்துக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று தெரியும். வேண்டாததை நிறுத்தலாம்.

• *மெசேஜைக் கவனியுங்கள்:* தானாகப் பணம் எடுக்கும் முன், குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த மெசேஜ் வந்த அன்றைக்கே முடிவெடுத்துவிடுங்கள்.

ஆப்பை போனில் இருந்து நீக்கினால் சந்தா தானாக நிற்காது. இதைப் பலரும் கவனிப்பதில்லை.

*சுருக்கமாகச் சொன்னால்...*

• 'ப்ளூரிபஸ்' போன்ற தொடர் நல்ல தொடராக இருக்கலாம். ஆனால் அது கண்ணையும் முழுக் கவனத்தையும் கேட்கும். கை வேலையோடு சேர்த்துப் பார்க்க முடியாது.

• சந்தா 99 ரூபாய் என்றாலும் நேரம், டேட்டா, தூக்கம், கூலி எல்லாம் சேர்ந்ததுதான் விலை.

• முடியாத தொடருக்கு அவசரப்பட வேண்டாம். முடிந்தபின், தறி ஓய்ந்திருக்கும் நாளில் பார்க்கலாம்.

• பிள்ளைகளுக்குத் தடை போடுவதை விட, ராத்திரிக்கு ஒரு எபிசோட் என்ற ஒப்பந்தம் வேலை செய்யும்.

• பார்க்கவில்லை என்றால் சந்தாவையும் ஆட்டோபேயையும் இன்றைக்கே நிறுத்துங்கள்.

அடுத்த தடவை யாராவது "இன்னும் நீ பார்க்கலையா?" என்று கேட்டால், "இந்தப் பாவு முடியட்டும், பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை.